அயோத்திதாசப் பண்டிதர்: அறிவை ஆக்கியவரும் அதனை ஏற்க மறுத்த காலமும்

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளைக் கடந்து வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் நன்கு அறிந்துகொள்ள வேண்டிய பெரியோர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்படுகின்றோம். அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையை நம் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரட்டைமலை சீனிவாசன், எம். சி. ராஜா ஆகியோரின் பெயர்களையும் மேடைதோறும் கேட்டிருப்பார்கள். இவர்கள் யாவருக்கும் மூத்தவரான அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றிக் கேட்டாலோ, சித்த வைத்தியர் என்றும் பௌத்தம் தழுவியவர் என்றும் இரண்டு வரி சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவர் உரிமை கேட்டவர் மட்டும் அல்லர். நம்மைப் பற்றிய அறிவையே புதிதாக ஆக்க முனைந்தவர். உரிமை கேட்டோருக்கு நேர்ந்த இடையூறுகளை நாம் பலவாறு பேசியிருக்கின்றோம். அறிவை ஆக்க முனைந்தவருக்கு நேர்ந்த இடையூறுகள் வேறு வகையின. அவற்றையே இங்கே சற்று விரிவாகக் காண விரும்புகின்றோம்.

பண்டிதர் 1845 ஆம் ஆண்டு மே திங்கள் 20 ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். இளமையில் வல்லகாளத்தி அயோத்திதாசக் கவிராச பண்டிதர் என்னும் ஆசிரியரிடம் தமிழும் மருத்துவமும் கற்றார். அவர்பால் கொண்ட பற்றினால் அவர் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். குடும்பம் நீலகிரியோடு தொடர்புடையது. 1870களில் அம்மலைப் பகுதியில் அத்வைதானந்த சபையை ஏற்படுத்தினார் என்பதும், 1891 இல் திராவிட மகாஜன சபையை நிறுவி, அவ்வாண்டு டிசம்பரில் மாநாடு கூட்டிப் பத்துத் தீர்மானங்களை நிறைவேற்றினார் என்பதும் அவரது பொதுவாழ்வின் தொடக்கச் செய்திகள்.

அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பவர் ஆரிங்டன் என்னும் ஆங்கிலத் துரையிடம் பட்லராக வேலை பார்த்தவர். தம் வீட்டில் வழிவழியாக இருந்து வந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியையும் பிற சுவடிகளையும் அத்துரையிடம் அவர் கொடுத்தார் என்றும், துரை அவற்றை எல்லிஸ் துரைக்கு அனுப்பினார் என்றும், திருக்குறள் அச்சேறியது அவ்வழியில்தான் என்றும் பண்டிதர் எழுதியுள்ளார். திருக்குறள் மூலம் முதன்முதலாகச் சென்னையில் அச்சிடப்பட்டது 1812 ஆம் ஆண்டு என்பதும், எல்லிஸ் தமிழ் நூல்களைத் தேடித் திரட்டிய அதிகாரி என்பதும் யாவரும் ஒப்புக்கொண்ட செய்திகள். ஆயின் பட்லர் வீட்டு ஏட்டைப் பற்றிய செய்தி மட்டும் நெடுங்காலம் எந்தப் பதிப்பாளரின் முன்னுரையிலும் இடம்பெறவில்லை. மடத்து ஏடு, ஆதீனத்து ஏடு, கவிராயர் வீட்டு ஏடு என்றால் பதிப்புலகம் ஐயுறுவதில்லை. சேரிக்குள் ஏடு இருந்தது என்றால் முதலில் எழும் கேள்வி, அது அங்கே எப்படி வந்தது என்பதே. சான்றைப் பார்ப்பதற்கு முன்பே சான்று வைத்திருப்பவரின் தகுதியைப் பார்ப்பது. பண்டிதர் தம் வாழ்நாள் முழுதும் முட்டி மோதிய முதற்சுவர் இதுவேயாகும்.

இரண்டாவது சுவரை அவர் 1892 இல் சென்னையில் நேரில் கண்டார். விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபைக் கூட்டம். நீலகிரியின் சார்பில் சென்றிருந்த பண்டிதர், வைணவக் கோயில்களில் நம் மக்களும் வழிபடலாகாதா என்று கேட்டார். அவையிலிருந்த ஒருவர் எழுந்து, உங்களுக்கென்று மதுரைவீரனும் காட்டேரியும் கருப்பண்ணசாமியும் உண்டு, சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்தாருக்கு உரியவர் அல்லர் என்ற பொருள்படப் பேசினாராம். காத்தவராயன் என்று பெயர் சூட்டப்பெற்ற ஒருவரிடம் இச்சொற்கள் சொல்லப்பட்டன என்பதை நாம் மறத்தல் ஆகாது. பண்டிதர் கலங்கவில்லை. அப்படியானால் உங்கள் தெய்வங்கள் எங்களுக்கு வேண்டியதில்லை, எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வியும் தரிசு நிலங்களும் கிடைக்கச் செய்யுங்கள் என்று கேட்டார். தெய்வத்தை விட்டுக் கல்வியைப் பற்றிய அந்த நொடியிலிருந்தே அவரது சிந்தனை வேறு திசையில் சென்றது என்று கருதுகின்றோம். இந்தத் தெய்வங்கள் நமக்கு உரியவை அல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். அங்ஙனமாயின் நமக்கு உரியதாக முன்னர் இருந்தது எது? இக்கேள்விக்கு விடை கூறும் நூல் அன்று எங்கும் இல்லை.

விடை தேட முனைந்தவருக்கு அக்காலத்துப் பெரும் ஆராய்ச்சிகள் எவ்வளவு கைகொடுத்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, 1875 இல் அதனை விரித்துப் பதிப்பித்தார். (அக்காலத்தில் நம் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டமும் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததே, 1910 இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோதுதான் அது பிரிந்தது.) பறையர் திராவிடரே அல்லர் என்று சிலர் கூறி வந்ததை எடுத்துக்கொண்டு ஆராய்ந்து, அவர்களும் திராவிடரே என்று நிறுவும் பின்னிணைப்பு ஒன்று அந்நூலில் இருந்தது. அவர் மறைந்த பின்னர் 1913 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அப்பின்னிணைப்பு இல்லை. பின்வந்தோர் பெரும்பாலும் அந்த மூன்றாம் பதிப்பையே படித்தார்கள். ஒருவர் உழைத்துக் கண்ட முடிவு மறுக்கப்படவும் இல்லை, ஏற்கப்படவும் இல்லை. சுருக்கம் கருதி விடப்பட்டது, அவ்வளவே. மறுப்புக்கு மறுமொழி எழுதலாம். விடுபாட்டுக்கு என்ன மறுமொழி எழுதுவது?

1898 ஆம் ஆண்டு பண்டிதரின் வாழ்வில் திருப்பமான ஆண்டு. ஆல்காட் துரையின் துணையுடன் இலங்கை சென்று, கொழும்பில் வித்யோதய பிரிவேனாவின் தலைவரான சுமங்கல நாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தோன்றியது. பேராசிரியர் லட்சுமி நரசு போன்றோரும் இவ்வியக்கத்தில் உழைத்தார்கள். அதே 1898 இல்தான் உ. வே. சாமிநாதையர் மணிமேகலையை அச்சிட்டு வெளியிட்டார் என்பது வியப்புக்குரியது. பௌத்தத்தைப் பற்றித் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாமல் ஐயர் பெரிதும் இடர்ப்பட்டார். ஆங்கில நூல்களைப் படித்த ரங்காசாரியர் என்னும் பேராசிரியரின் துணைகொண்டே பல இடங்களுக்குப் பொருள் கண்டார். ஒரே ஆண்டில் ஒரு பெரியவர் பௌத்தக் காப்பியத்தை உலகுக்குக் கொணர்கிறார். மற்றொருவர் அச்சமயத்தை வாழ்வில் ஏற்று நகரின் மற்றொரு தெருவில் சங்கம் அமைக்கிறார். இருவரின் உழைப்பும் ஓரிடத்தில் கூடியிருந்தால் தமிழ் ஆராய்ச்சிக்கு எவ்வளவு ஆதாயம் விளைந்திருக்கும்! அங்ஙனம் கூடுவதற்கு வேண்டிய திண்ணை அன்றைய தமிழகத்தில் இல்லை.

திண்ணை இல்லாதவர் தாமே ஒன்றைக் கட்டிக்கொண்டார். 1907 ஜூன் 19, புதன்கிழமை, இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் கிழமை இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், விலை பெயரிலேயே உள்ளது. ஓராண்டுக்குப் பின் 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழில் செய்த நம் மக்கள் இவ்விதழைத் தாங்கிப் பிடித்தனர். இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் பிழைக்கச் சென்றோர் வாங்கிப் படித்தனர். பூமிக்கு அடியில் வேலை முடித்து மேலே வந்தவர்கள் ஒரு விளக்கைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் படிக்க மற்றவர் கேட்டிருப்பர் என்று எண்ணிப் பார்க்கின்றோம்.

அவ்விதழில் நாம் தனித்துக் கவனிக்க வேண்டியது வினா விடைப் பகுதியாகும். வாசகர் தமக்கு எழுந்த சங்கையை எழுதி அனுப்புவர். பண்டிதர் அதற்குத் தெளிவு எழுதுவர். ஒரு சொல்லின் பொருள், ஒரு திருவிழாவின் தோற்றம், ஒரு பழமொழி, ஒரு சடங்கு என எதுவும் வினாவாகலாம். கேட்பவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டுவதில்லை. புதிய அறிவு நிலைபெற வேண்டுமானால் கேள்வி கேட்கும் கூட்டம் ஒன்று வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதியாத அவர் உணர்ந்திருந்தார்.

அவர் நிறுவ முனைந்த கருத்தைச் சுருங்கக் கூறுவோம். இன்று தீண்டாதார் எனப்படுவோர் பிறப்பால் இழிந்தவர் அல்லர். அவர்கள் இந்நாட்டின் பூர்வ பௌத்தர்கள். சாதி பேதமற்ற திராவிடர்கள். பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது, அதனைக் கைவிட மறுத்தோர் மீது இழிவு சுமத்தப்பட்டது. இக்கருத்தை 'இந்திரர் தேச சரித்திரம்' முதலிய தொடர்களில் விரித்தெழுதினார். 'புத்தரது ஆதிவேதம்' என்னும் பெருநூல் 1912 இல் வெளிவந்தது. மக்கள் தொகைக் கணக்கு எடுக்கப்பட்டபோதெல்லாம் நம் மக்களைத் தாழ்த்தும் பெயரில் பதியலாகாது என்று அரசுக்கும் மக்களுக்கும் எழுதி வந்தார். கணக்கெடுப்பவர் ஒரு கட்டத்தில் எழுதும் பெயரே பின்னர் சரித்திரமாகிவிடும் என்பதை அவர் முன்னரே கண்டுகொண்டார்.

இக்கருத்துக்குச் சான்று எங்கே? கல்வெட்டை வெட்டியவர்கள் அரசரும் கோயிலாரும். புராணத்தை எழுதியவர்கள் வென்றவர்கள். தோற்றவரின் சொற்கள் தோற்றவரோடு போயின. எஞ்சியவை சொற்களும் நிகண்டுகளும், வீட்டில் வழங்கிய கதைகளும், அஞ்சி ஒதுங்கும் வழக்கங்களும், சில சுவடிகளும்தாம். பண்டிதர் இவற்றையே சான்றாகக் கொண்டார். தம்மிடமிருந்த ஏட்டுப் பாடமும் அச்சுப் பாடமும் வேறுபடும் இடங்களை எடுத்துக் காட்டினார். புலவர் உலகம் இவற்றைச் சான்றாகவே கொள்ளவில்லை. எழுத்துச் சான்று இல்லை என்பார்கள். எழுத்து யாருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்று கேட்டால் மௌனம்.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தியையும் சொல்லியாக வேண்டும். திரு. வி. கலியாணசுந்தரனார் சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்தபோது அவருக்கு மருத்துவம் செய்து நலமாக்கியவர் பண்டிதரே. திரு. வி. க. இதனைத் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியுடன் பதிந்திருக்கிறார். மருந்து பலித்தது, உடல் எழுந்து நடந்தது, அதனை மறுப்பார் இல்லை. நம் ஊருக்கு அண்மையிலுள்ள சதுரகிரியைச் சித்தர் மலை என்றும் மூலிகை மலை என்றும் போற்றுகின்ற நாம் இதனை எளிதில் உணரலாம். நோய்ப்பட்டவர் வைத்தியரின் சாதியைச் சற்றே மறந்திருப்பார். மருத்துவ அறிவுக்கு நோயாளியின் உடலே சாட்சி. சரித்திர அறிவுக்கு அப்படி உடனே எழுந்து நடந்து காட்டும் சாட்சி ஏது? ஒரே மனிதர் தந்த பச்சிலையை ஏற்ற சமூகம் அவர் தந்த ஏட்டை ஏற்கத் தயங்கியதன் காரணம் இதில் ஒரு பாதி இருக்கிறது. மறு பாதி, பச்சிலையை ஏற்பதால் எவருடைய மேன்மையும் குறையாது. ஏட்டை ஏற்றால் பலருடைய மேன்மை குறையும் என்பது.

எனினும் குற்றம் முழுவதையும் மறுத்தவர் மீதே சுமத்திவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ளல் முறையாகாது. பண்டிதரின் சொல்லாராய்ச்சிகளில் பல இன்றைய மொழியியலின் முன் நில்லா. ஐம்புலன்களை வென்ற புத்தரே இந்திரர் என்றும், இந்திரர் தேசமே இந்தியா ஆயிற்று என்றும் அவர் எழுதினார். சிந்து என்னும் ஆற்றுப் பெயர் பாரசீகர், கிரேக்கர் நாவில் மாறி வந்ததே இந்தியா என்பது அறிஞர் உலகின் ஒருமித்த முடிவு. தீபாவளியை எள்நெய் கண்டுபிடித்த நாளின் விழா என்று அவர் கூறியதற்கும் உறுதியான பிற சான்று கிடைக்கவில்லை. இவற்றை அவர் சொன்னார் என்பதற்காகவே உண்மையென்று சாதிப்பது, அவர் எதிர்த்த வேத வாக்கு முறையையே அவர் பெயரால் நடத்துவதாகும். அவரோடு வாதிட்டுத் திருத்தக்கூடிய புலவர்கள் அன்று அவரோடு வாதிடவில்லை என்பதுதான் நம் ஆற்றாமை. தமிழறிஞர் பலருடைய பிழைகள் பிறர் மறுப்பால் திருந்தின. பண்டிதரின் பிழைகள் எவரும் மறுக்காமலே கிடந்தன. அவற்றோடு அவரது நல்ல கண்டுபிடிப்புகளும் கிடந்தன.

இந்நிலை தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. மராட்டியத்தில் மகாத்மா பூலே 1873 இல் 'குலாம்கிரி' எழுதி, புராணக் கதைகளைத் தோற்றவர் பக்கமிருந்து புரட்டிப் பார்த்தார். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்த கார்ட்டர் உட்சன், கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராய 1915 இல் ஒரு கழகம் நிறுவி, அடுத்த ஆண்டே ஓர் ஆராய்ச்சி இதழும் தொடங்கினார். ஆனால் உட்சன் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பண்டிதருக்கு அத்தகைய பட்டமும் இல்லை. நான்கு பக்கத் தாளே இருந்தது.

நம்முள்ளேயே எழுந்த இணக்கமின்மையையும் மறைக்க வேண்டுவதில்லை. பண்டிதரின் மைத்துனரான இரட்டைமலை சீனிவாசன் 1893 இல் 'பறையன்' என்ற பெயரிலேயே இதழ் தொடங்கினார். இழிவாகச் சொல்லப்படும் பெயரைத் தலைநிமிர்ந்து ஏந்தினால்தான் இழிவு நீங்கும் என்பது அவர் கருத்து. அப்பெயரே பகைவர் சூட்டியது, அதனை ஏற்றால் அவர்கள் எழுதிய சரித்திரத்தையும் ஏற்றதாகும் என்பது பண்டிதர் கருத்து. இருவரும் உறவினர், இருவரும் நம் விடுதலைக்கே உழைத்தவர்கள், இறுதிவரை உடன்பட்டாரில்லை.

இதனினும் கடுமையான ஒன்று உண்டு. சக்கிலியர், குறவர் முதலிய வகுப்பினரைப் பூர்வ பௌத்தர் வரிசையில் சேர்க்காமல், இயல்பிலேயே தாழ்ந்தோர் என்ற முறையில் பண்டிதர் பிரித்து எழுதினார். அருந்ததியர் சமுதாயத்து எழுத்தாளர்கள் இதனைச் சுட்டிக்காட்டிக் கண்டித்திருக்கிறார்கள். அக்கண்டனம் நேர்மையானது என்றே கருதுகின்றோம். இழிவு பிறப்பால் வந்ததன்று, சுமத்தப்பட்டது என்று தம் மக்களுக்காக நிறுவியவர், அதே அளவுகோலை அருகிலிருந்த மக்களுக்கு வைத்துப் பார்க்கவில்லை. நம் வட்டாரத்தில் ஒரே ஊரில், அடுத்தடுத்த தெருக்களில் வாழும் நம் மூன்று சமுதாயத்துப் பிள்ளைகளும் இதனைப் படிக்கும்போது ஒரே மனநிலையில் படிக்க இயலாது. அவ்வருத்தத்தோடே அவரைப் படிக்க வேண்டும். அப்பக்கங்களை நீக்கிவிட்டு அல்ல. நீக்கினால் கால்டுவெல் நூலுக்கு நேர்ந்ததையே நாமும் செய்தவர்களாவோம்.

1914 ஆம் ஆண்டு மே 5 ஆம் நாள் பண்டிதர் இயற்கை எய்தினார். அவர் மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பின்னர் 1920களில் கோலார் தங்கவயலில் அப்பாதுரையார் அதனை மீண்டும் எழுப்பினார். அங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களைச் சிறு சிறு வெளியீடுகளாகப் பரப்பியது. இதற்கிடையே அவரது கருத்தின் பகுதிகள் வேறு வேறு வாசல்கள் வழியே அறிஞர் உலகில் புகுந்தன. தமிழகத்தில் பௌத்தம் தழைத்திருந்ததை மயிலை சீனி. வேங்கடசாமி 1940 இல் 'பௌத்தமும் தமிழும்' என்ற நூலில் விரிவாக நிறுவினார். புலவர் உலகம் அதனை மகிழ்ந்து ஏற்றது. தீண்டாதார் பண்டைப் பௌத்தரே என்ற முடிவை வேறு சான்றுகள் வழியே அடைந்த அம்பேத்கர், 1948 இல் தீண்டப்படாதார் குறித்த தம் நூலை வெளியிட்டு, நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவருக்கும் அதனைக் காணிக்கையாக்கினார். லட்சுமி நரசுவின் பௌத்த நூலுக்கு அவர் முன்னுரை எழுதியதும் அதே ஆண்டில்தான். அம்பேத்கரின் முடிவையும் வரலாற்றறிஞர் யாவரும் ஏற்றுவிடவில்லை. ஆனால் ஏற்காதவர்களும் மறுமொழி எழுத வேண்டியதாயிற்று. பண்டிதருக்குக் கிடைக்காத பேறு அது.

பழைய 'தமிழன்' இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்ற அன்பர்கள் பல்லாண்டு தேடிச் சேர்த்துக் காத்து வைத்திருந்தனர். கரையானுக்கும் மழைக்கும் தப்பிய அத்தாள்களிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' இரண்டு தொகுதிகளாக 1999 இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்திலிருந்து வெளிவந்தது. 2003 இல் மூன்றாம் தொகுதி. 2005 இல் நடுவண் அரசு அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்து மருத்துவமனை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2023 டிசம்பர் முதல் நாள் சென்னை கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. முதல் இதழ் வெளிவந்த நாளிலிருந்து அத்தொகுதிகள் நூலாக வர 92 ஆண்டுகள் ஆயின என்பதை இளைஞர்கள் கணக்கிட்டுக்கொள்க.

அம்மூன்று தொகுதிகளும் நம் சங்கத்துப் படிப்பகத்தில் உள்ளன. அக்கால நடை முதலில் கடினமாகத் தோன்றும். ஆதலால் அரசியல், சமூகம் பற்றிய சிறு கட்டுரைகளையும் வாசகர் வினாக்களுக்கு எழுதிய விடைகளையும் முதலில் படித்துவிட்டுப் பின்னர் சரித்திரப் பகுதிக்குச் செல்வது நலம். உடன்பாடில்லாத இடங்களைக் குறித்துக்கொள்ளத் தனிக் குறிப்பேடு ஒன்றும் மேசை மீது வைக்கப்பட்டிருக்கிறது. நூல்களை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விரும்புவோர் செயலாளரிடம் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.